பெயரும் பதிவேடும்

ஓர் ஊருக்கு வரலாறு உண்டு என்று யார் தீர்மானிக்கிறார்கள்? நார்வே நாட்டின் பெர்கன் நகரத்துக்குப் போய்வந்த பிறகு இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஏழு மலை சூழ்ந்த துறைமுகம் அது. மலைகளுக்கு நடுவே கடல் வெகுதூரம் உள்ளே புகுந்து கிடக்கிறது; ஃபியோர்டு என்கிறார்கள். கரையோரம் பிரிகென் என்ற பழைய மரக்கட்டிடங்கள். 1979இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியம் என்று அறிவித்தது. அத்தனையும் கருவாட்டுக் காசு. வடக்கே மீன் பிடித்தவன் வியாபாரியிடம் கடனாளியாகவே கிடந்தான். வாங்கி விற்ற ஜெர்மன் வணிகன் பேர் பெற்றான். காசிமேட்டில் நம்ம சனங்க மேல் வசையாக விழுகிற அதே கருவாட்டு வாடைதான் அங்கே பாரம்பரியம்.

ஆனால் என்னை நிறுத்தியது பிரிகென் அல்ல, செயின்ட் யோர்கன் தொழுநோய் மருத்துவமனை. கடைசி நோயாளிகள் 1946இல் இறந்தார்கள். இன்று அது அருங்காட்சியகம். 1856இல் அந்த நாடு தொழுநோயாளிகளின் பெயரையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதத் தொடங்கியது. தொடக்கூடாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் அந்த ஆவணங்களை 2001இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறார்கள்.

அதே 1856இல்தான் நம்ம ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்து புறப்பட்டது. கவர்னர் ஹாரிஸ் பெயர் தெரியும். மண் சுமந்தவன் பெயர்?

பெயர் எழுதினால் மட்டும் நியாயம் வந்துவிடுமா என்று தோழர்கள் கேட்கலாம். சரியான கேள்விதான். அந்தப் பதிவேடு கண்காணிக்க உண்டானது. 1885இல் நோயாளிகளைப் பிரித்துவைக்கச் சட்டமே போட்டார்கள். இங்கே குற்றப்பரம்பரைச் சட்டமும் பெயர் எழுதித்தானே ஆளை அடக்கியது?

ஆனாலும் அந்த ஊரில் இன்னொன்றும் எழுதப்பட்டிருக்கிறது. 1873இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டவர் ஆர்மாவர் ஹான்சன். 1879இல் காரி நீல்ஸ்டாட்டர் என்ற நோயாளிப் பெண்ணின் கண்ணில், அவள் சம்மதமில்லாமல், இன்னொரு நோயாளியின் கிருமியை ஏற்றிப் பார்த்தார். வழக்கு நடந்தது. 1880இல் ஹான்சன் மருத்துவமனைப் பதவியை இழந்தார். நாட்டின் தலைமைத் தொழுநோய் மருத்துவராக மட்டும் நீடித்தார். முழு நியாயம் இல்லை. ஆனால் ஓர் ஏழைப் பெண்ணின் பெயரும், அவளுக்குத் தீங்கு செய்த பெரிய மனிதரின் பெயரும் ஒரே காகிதத்தில் இருக்கின்றன.

இங்கே என்ன நிலை? 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களையெல்லாம் கண்டறிந்து, குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அந்தத் தொகையை 30 லட்சமாக்கியது. பணம் வர முதலில் பட்டியலில் பெயர் வரணும். காண்ட்ராக்டர் கையில் மஸ்டர் ரோல் கிடையாது. 'நம்ம ஆளே இல்ல' என்பான். திருவொற்றியூர் பக்கம் இறந்தவர் வீட்டுக்குப் போனால் ரேஷன் கார்டில்தான் அவர் பெயரைப் பார்க்க முடிகிறது. வேலை செய்த இடத்தில் அவர் இருந்ததாக ஒரு எழுத்தும் இல்லை. எழுதி அடக்குவது ஒரு வன்முறை. எழுதாமல் இல்லாமலாக்குவது இன்னொரு வன்முறை.

ஆகவே கேள்வி, பெயர் எழுதலாமா கூடாதா என்பதல்ல. பேனா யார் கையில், பக்கத்தில் வேறு யார் பெயர் என்பதுதான். செத்தவர் பட்டியலை நாமே எழுதுவோம். குழிக்குள் இறக்கிவிட்டவன் பெயரையும் அதே வரியில் எழுதுவோம்.