எதிராளியின் வாதம்

புழல் என்றதும் ஏரியும் மத்திய சிறையும்தான் இன்று நினைவுக்கு வருகின்றன. சோழர் காலத்தில் அது புழற்கோட்டம். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்று. அங்கே கோட்டை கட்டி ஆண்டதாகச் சொல்லப்படும் குறும்பர்களைப் பற்றிய மரபுக் கதைகள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் உள்ளன. அவற்றின்படி, முதலில் ஒரு சமணத் துறவி வந்தார். அவர் சொன்னதைக் கேட்டுக் குறும்பர்கள் சமணர்களானார்கள். பிறகு ஆதொண்டச் சோழன் படையோடு வந்தான், கோட்டை வீழ்ந்தது. இதை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனாலும் சொல்லால் வந்தவரையும் வாளால் வந்தவரையும் ஒரே ஊரில் நிறுத்திக் காட்டும் இந்தக் கதை ஒரு பழைய கேள்வியைக் கிளப்புகிறது. பேசி இணங்க வைப்பதும் ஒருவகை வன்முறைதானா, அல்லது அதற்கு நேர் எதிரானதா?

வாள் வென்ற பின் மிஞ்சியது என்ன என்பதைத் திருமுல்லைவாயிலில் பார்க்கலாம். மாசிலாமணீசுவரர் சன்னிதிக்கு முன் இரண்டு எருக்கந்தூண்கள் நிற்கின்றன. தோற்ற குறும்பரின் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்பது தலவரலாறு. அங்கே நந்தி இறைவனைப் பார்த்து அமரவில்லை; முதுகைக் காட்டிக் கிழக்கே திரும்பியிருக்கிறது. அந்தத் தலவரலாற்றில் குறும்பரை வென்ற மன்னனான தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலம் என்கிறார்கள். தோற்றவர்களின் தூண் நம்மிடம் இருக்கிறது. அவர்கள் எதை நம்பினார்கள், ஏன் நம்பினார்கள் என்று அவர்கள் வாயால் சொன்ன ஒரு சொல்லும் இல்லை. எதிராளியின் கருத்து என்ன என்று தெரிந்துகொள்ளும் தேவை வாளுக்குக் கிடையாது.

வாதத்துக்கு அந்தத் தேவை உண்டு. நீலகேசி என்ற சமணக் காப்பியத்தின் நாயகி, திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி. உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்ற துறவியைப் பயமுறுத்தி விரட்டப் போகிறாள், அவர் அசையவில்லை. அழகால் மயக்கப் பார்க்கிறாள், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அவர் அறத்தை விளக்க, அவளே அவருக்கு மாணவியாகிறாள். பின்பு பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர் என்று ஒவ்வொருவரிடமும் சென்று வாதிடுகிறாள். பௌத்தக் காப்பியமான குண்டலகேசியை மறுக்க எழுந்த நூல் இது. குண்டலகேசி முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. சில பாடல்களே தப்பின. அது என்ன வாதிட்டது என்பதை இன்று நாம் பெரும்பாலும் நீலகேசியையும் அதன் உரையையும் கொண்டே ஊகிக்கிறோம். மறுக்க வந்த நூலே மறுக்கப்பட்டதற்குச் சாட்சியாகிவிட்டது. மறுப்பதற்காகவாவது எதிர்த்தரப்பை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததால் நேர்ந்தது இது.

இரு தரப்பையும் ஒரே புலவர்தானே எழுதினார், நீலகேசி எல்லா வாதத்திலும் ஜெயிப்பதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எதிர்த்தரப்பை அடையாளமே தெரியாமல் சிதைத்திருந்தால், பௌத்தத்தை அறிந்த அக்காலத்துக் கேட்பவர்களிடம் அந்த மறுப்பு எடுபட்டிருக்காது. அவர்கள் நம்ப வேண்டும் என்ற தேவையே புலவருக்கு ஒரு கடிவாளம். இதைவிடக் கனமான ஆட்சேபமும் உண்டு: உண்மைக்கு வாய்ச்சாலகம் எதற்கு, பொய்க்குத்தானே அது வேண்டும்? வள்ளுவர் சொல்வன்மையை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில், அமைச்சனுக்குரிய திறன்களோடு வைத்தார். வாய்மைக்கு அறத்துப்பாலில் தனி அதிகாரம் தந்தார். திறன் வேறு, அறம் வேறு என்பது அந்த வைப்புமுறையிலேயே தெரிகிறது. வாய்மை இல்லாதவனிடமும் சொல்வன்மை இருக்கலாம். அதனால் சொல்வன்மையைத் துறந்துவிட்டால் மேடை முழுவதும் பொய்யனுக்குப் போய்விடும். வன்முறையாளனிடம் பேச்சு எடுபடாது, அவனைத் தடுக்கச் சட்டமும் சிறையும் வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் சிறை கையைத்தான் கட்டிப்போடும். மனம் மாற வேண்டுமானால் அங்கேயும் யாராவது போய்ப் பேசித்தான் ஆக வேண்டும்.

ஆகவே, பேசி இணங்க வைப்பது வன்முறையாவதும் ஆகாததும் பேச்சின் இனிமையைப் பொறுத்ததல்ல. கேட்பவர் மறுக்க இடம் இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். மதமோ கட்சியோ, நம்மை இழுக்க வருகிறவரிடம் அவருடைய எதிராளியின் வாதத்தை முதலில் சொல்லச் சொல்லலாம். அந்த எதிராளியே கேட்டு, “ஆமாம், நான் சொல்வது இதுதான்” என்று ஒப்புக்கொள்ளும்படி அவர் சொன்னால், மேற்கொண்டு காது கொடுக்கலாம். அப்படிச் சொல்லத் தெரியாதவர், அல்லது சொல்ல விரும்பாதவர், நம் சம்மதத்தைக் கேட்டு வந்தவர் அல்லர். கோட்டையைப் பிடிக்க வந்தவர்.