தோட்டாவைப் படித்துச் சொல்பவரின் கடமை

1999 ஏப்ரல் கடைசி வாரத்தில், சில நாள் இடைவெளியில், உலகம் பேசிய இரண்டு கொலைகள் நடந்தன. 26ஆம் தேதி முற்பகலில், லண்டன் ஃபுல்ஹாம் பகுதியில் தன் வீட்டு வாசலிலேயே பிபிசி தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜில் டாண்டோ தலையில் சுடப்பட்டார். 29ஆம் தேதி இரவு, நள்ளிரவுக்குப் பின், டெல்லி மெஹ்ரௌலியில் உள்ள டாமரிண்ட் கோர்ட் விருந்தகத்தில், மது ஊற்றித் தர மறுத்த ஜெசிக்கா லால் சுடப்பட்டார். இரு வழக்குகளிலும் கொலை ஆயுதம் கடைசிவரை கிடைக்கவில்லை. மிஞ்சிய சின்னத் தடயத்தைப் படித்துச் சொல்ல நிபுணர்கள் கூண்டேறினார்கள். லண்டனில், பின்னால் நிரபராதி என்று தீர்ப்பான ஒருவர் சிறைக்குப் போனார். டெல்லியில், பின்னால் குற்றவாளி என்று தீர்ப்பான ஒருவர் முதலில் விடுதலையானார்.

துப்பாக்கி வழக்கில் நிபுணருக்குத் தனி இடம் உண்டு. கண்ணால் கண்டவர் பொய் சொன்னால் குறுக்கு விசாரணையில் மடக்கலாம். நுண்ணோக்கியின் கீழே தெரிந்த கீறலைப் பற்றி நிபுணர் சொல்வதை நீதிபதியும் வழக்கறிஞரும் தாமே பார்த்துச் சரிபார்க்க முடியாது. மற்ற சாட்சிகள் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொல்லலாம். கருத்துச் சொல்லும் உரிமையை 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் தன் 45ஆம் பிரிவில் நிபுணருக்குக் கொடுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும் 39ஆம் பிரிவில் அந்த உரிமையைத் தொடர்கிறது. தன் அறிவு எட்டாத இடத்தைப் பற்றியும் ஒரு நிபுணர் கருத்துச் சொல்லிவிட்டால், அந்தப் பழி அவரோடு நிற்குமா? அவரை அங்கே இழுத்துச் சென்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டா?

ஜெசிக்கா லால் வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. குற்றம் சாட்டப்பட்ட மனு சர்மா அரசியல் செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளை. அவர் பெயரில் உரிமம் பெற்ற .22 பெரெட்டா கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. அது போலீசார் கைக்கு வரவே இல்லை. சம்பவ இடத்தில் கிடைத்தவை இரண்டு வெற்றுத் தோட்டா உறைகள். முதல் குண்டு கூரையை நோக்கியும் அடுத்தது ஜெசிக்காவின் தலையை நோக்கியும் சுடப்பட்டதாக அரசுத் தரப்பு சொன்னது. உறைகள் ஜெய்ப்பூரில் உள்ள ராஜஸ்தான் அரசின் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போயின. சந்தேகத்துக்குரிய துப்பாக்கியைப் பரிசோதிக்காமல் உறுதியான கருத்துச் சொல்ல இயலாது என்று அங்கிருந்து அறிக்கை வந்தது. ஆனால் விசாரணையின்போது கருத்துக் கேட்கப்பட்டதும், அந்த இரண்டு உறைகளும் வெவ்வேறு துப்பாக்கிகளிலிருந்து வந்தவையாகத் தோன்றுகின்றன என்று அதே நிபுணர் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியம் வழக்கையே புரட்டியது. நேரில் பார்த்த முக்கிய சாட்சி அதற்குள் பிறழ்ந்திருந்தார். சுட்டவர்கள் இருவர் என்று நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார். இரண்டு துப்பாக்கி என்ற கருத்து அந்தச் சாட்சியத்துக்கு முட்டுக்கொடுத்தது. 2006 பிப்ரவரி 21 அன்று 9 பேரும் விடுதலையானார்கள். நாடே கொதித்தெழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி மனு சர்மாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2010 ஏப்ரல் 19 அன்று, ஈரோடு மாவட்டத்துக்காரரான நீதிபதி ப. சதாசிவம் இடம்பெற்ற உச்ச நீதிமன்ற அமர்வு அதை உறுதி செய்தது.

அத்தோடு முடியவில்லை. பொய்ச்சாட்சி சொன்னதற்காக அந்த நிபுணர் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2013 மே மாதம் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர் உறுதியாக எதையும் சொல்லவில்லை, கருத்துக்கான அடிப்படையையும் சொல்லியிருந்தார், நீதிமன்றம் கேட்டதால்தான் சொன்னார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. கருத்து வேறுபட்டதாலேயே ஒருவரைப் பொய்ச்சாட்சி என்று சொல்லிவிட முடியாது என்பது அதன் நிலை.

இரண்டு உத்தரவுகளிலும் நியாயம் இருக்கிறது. கொலையுண்ட பெண்ணின் குடும்பம் ஏழு ஆண்டு காத்திருந்து ஒரு விடுதலைத் தீர்ப்பைக் கேட்டது. அதற்குத் துணையான ஒரு சொல்லுக்கு யாருமே பதில் சொல்ல வேண்டியதில்லை என்றால் மனம் ஒப்பாது. அதே சமயம், கருத்துக்காகச் சிறை என்று வந்துவிட்டால் நேர்மையான நிபுணர்தான் முதலில் ஒதுங்கிக்கொள்வார். துணிந்து மாறுபட்டுச் சொல்ல ஆள் இருக்காது. காவல்துறை விரும்பும் விடையை எழுதுவதே பாதுகாப்பான வழியாகிவிடும். ஆகவே கருத்தைத் தண்டிக்காமல் விட்டது சரி. ஆனால் தண்டனை இல்லை என்பதால் தவறே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. துப்பாக்கி இல்லாமல் சொல்ல இயலாது என்று எழுதிய கை, அந்தத் துப்பாக்கி இன்னும் கிடைக்காத நிலையில், கூண்டிலும் அந்த விடையிலேயே நின்றிருக்க வேண்டும். அவர் நிற்பதற்கு நீதிமன்றமும் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

லண்டன் வழக்கில் தவறு வேறு விதமாக நடந்தது. பாரி ஜார்ஜ் என்பவரின் கோட்டுப் பையில், கொலை நடந்து ஓராண்டுக்குப் பிறகு, வெடிமருந்துத் துகள் ஒன்றே ஒன்று கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள அந்தத் துகளும் மற்றச் சான்றுகளும் சேர்ந்து 2001 ஜூலையில் அவருக்கு ஆயுள் தண்டனை வாங்கித் தந்தன. பரிசோதித்த அரசு ஆய்வகமே பின்னர் கணக்கைத் திரும்பப் பார்த்தது. அவர் சுட்டிருந்தாலும் சுடாதிருந்தாலும் அப்படி ஒரு துகள் கிடைப்பதற்கு ஒரே அளவு வாய்ப்புதான் என்று தெரியவந்தது. அதாவது அந்தத் துகள் எதையும் நிரூபிக்கவில்லை. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2008 ஆகஸ்டில் மறுவிசாரணை அவரை விடுவித்தது. துகள் உண்மை, பரிசோதனை உண்மை. அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஜூரிகளுக்குத் தெளிவாகச் சொல்லாமல் விட்டதில்தான் ஒரு மனிதரின் எட்டு ஆண்டு போனது.

இத்தகைய பிழைகள் அபூர்வமல்ல. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல்துறை ஆய்வகத்தில், துப்பாக்கி தொடர்பான 200 வழக்குகளை எடுத்துச் சரிபார்த்தபோது ஏறக்குறைய 10 சதவீதத்தில் தவறு இருந்தது; 2008 செப்டம்பரில் அந்த ஆய்வகத்தையே மூடினார்கள். தோட்டாவின் கீறலை வைத்து இன்ன துப்பாக்கிதான் என்று சொல்லும் முறையின் அறிவியல் அடிப்படை இன்னும் போதுமானதாக இல்லை என்று அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு 2016இல் அறிவித்தது.

பணமில்லாதவர் நிலை இன்னும் கொடியது. அலபாமாவைச் சேர்ந்த கறுப்பினத் தொழிலாளி அந்தோனி ரே ஹின்டன் 1985இல் இரண்டு கொலைகளுக்காகக் கைதானார். அவரது தாயின் வீட்டில் இருந்த பழைய ரிவால்வரிலிருந்துதான் ஆறு குண்டுகளும் வந்தன என்று அரசு நிபுணர்கள் சொன்னார்கள். வழக்கே அந்தச் சொல்லில் நின்றது. மறுத்துச் சொல்ல ஒரு நிபுணரை அமர்த்த ஆயிரம் டாலருக்கு மேல் கிடைக்காது என்று அவரது வழக்கறிஞர் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார். அந்தப் பணத்துக்குக் கிடைத்தவர் ஒற்றைக் கண் பார்வையுள்ள ஒரு பொறியாளர். நுண்ணோக்கியைச் சரியாக இயக்கவும் அவரால் முடியவில்லை என்பதை அரசு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் வெளியே கொண்டுவந்தார். ஹின்டனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னால் மூன்று தேர்ந்த நிபுணர்கள் பார்த்து, அந்தக் குண்டுகளை அந்த ரிவால்வரோடு பொருத்த முடியாது என்றார்கள். ஏறத்தாழ 30 ஆண்டு சிறைக்குப் பிறகு 2015 ஏப்ரலில் அவர் வெளியே வந்தார்.

தனி மனிதரின் குற்றத்தைத் தாண்டி, துப்பாக்கிச் சட்டமே செல்லுமா என்று விசாரிக்கும் வழக்குகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. அங்கே வரலாற்றாசிரியரும் பொருளியல் ஆய்வாளரும் நிபுணராகிறார்கள். கலிபோர்னியாவின் தாக்குதல் துப்பாக்கித் தடையை ஆதரித்து 2002 டிசம்பரில் வந்த ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு, மைக்கேல் பெலிசைல்ஸ் எழுதிய வரலாற்று நூலை மேற்கோள் காட்டியது. அந்த நூலின் தரவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று தெரிந்து, அதற்குத் தந்த பான்கிராஃப்ட் பரிசு அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த மாதமே தீர்ப்பைத் திருத்தி அந்த மேற்கோள்களை நீக்கினார்கள். எதிர்ப்பக்கமும் தூய்மையாக இல்லை. துப்பாக்கி வைத்திருப்போர் ஆண்டுக்குச் சுமார் 16.7 லட்சம் முறை தற்காப்புக்காக அதைப் பயன்படுத்துவதாக 2021இல் வந்த ஒரு கருத்துக்கணிப்பு, சட்டங்களை எதிர்க்கும் வழக்குகளில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்பட்டது. அதை நடத்திய ஆய்வாளர் துப்பாக்கி ஆதரவுத் தரப்பிடம் நிபுணராக ஊதியம் பெற்றவர் என்று 2024இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கொள்கை எதுவாக இருந்தாலும், யார் பணம் கொடுத்தார்கள் என்பதை மறைத்த கணத்திலேயே நிபுணர் தன் தகுதியை இழக்கிறார்.

வட சென்னைக்கு இது தூரத்து விஷயம் அல்ல. வியாசர்பாடியும் மாதவரமும் இங்கேதான் இருக்கின்றன. பகுஜன் சமாஜ் கட்சியின் தமிழ்நாட்டுத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கில் கைதான திருவேங்கடம் 2024 ஜூலை 14 அன்று மாதவரம் பக்கம் போலீசாரால் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று வியாசர்பாடி பக்கம், ரவுடி என்று காவல்துறை குறித்திருந்த காக்காத்தோப்பு பாலாஜி சுட்டுக்கொல்லப்பட்டார். அவர்கள்தான் முதலில் சுட்டார்கள் என்று இரண்டு முறையும் காவல்துறை சொன்னது. இத்தகைய என்கவுன்டர்களில் எதிர்த்துச் சாட்சி சொல்ல ஆள் உயிரோடு இருப்பதில்லை. நாட்டுத் துப்பாக்கி உண்மையிலேயே வெடித்ததா, யார் எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார் என்பதைத் தோட்டாவும் காயமும்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறை, சுட்ட போலீசார் தங்கள் ஆயுதங்களைத் தடயப் பரிசோதனைக்கு ஒப்படைக்க வேண்டும் என்கிறது.

ஒப்படைத்த துப்பாக்கி எங்கே போகிறது? 1849இல் நாட்டிலேயே முதல் அரசு இரசாயனப் பரிசோதனைக்கூடம் மதராசில்தான் தொடங்கியது. அந்த மரபில் வளர்ந்த தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் அது காவல்துறை இருக்கும் அதே உள்துறையின் கீழ் இயங்குகிறது. அங்குள்ள ஒருவரின் நேர்மையைச் சந்தேகிக்காமலேயே கேட்க வேண்டிய கேள்வி இது. சுட்டவருக்கும் சோதிப்பவருக்கும் ஒரே துறை மேலிடமாக இருக்கும்போது, இறந்தவரின் தாய் அந்த அறிக்கையை எதை நம்பி ஏற்பார்? ஆய்வகங்களைக் காவல் அமைப்பிலிருந்து பிரிக்க வேண்டும் என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2009லேயே பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரைக்கு இங்கே இன்னும் கூடுதல் தேவை இருக்கிறது, ஏனென்றால் அரசு ஆய்வகத்தின் அறிக்கையை நிபுணரைக் கூண்டில் ஏற்றாமலே சான்றாக ஏற்க இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவு அது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்றும் புதிய சட்டம் சொல்கிறது. வேலை கூடக் கூட அவசரமும் கூடும்.

நிபுணரை அழைத்து விசாரிக்கும் அதிகாரமும் அதே 329ஆம் பிரிவிலேயே நீதிமன்றத்துக்கு இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரோ இறந்தவரின் குடும்பமோ கேட்டால் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதற்கு இன்னொரு சட்டம் வேண்டியதில்லை. காவல்துறை என்ன கேள்வி கேட்டது, என்ன பரிசோதனை செய்யப்பட்டது, இரண்டாவது ஆள் சரிபார்த்தாரா, எந்தக் கேள்விக்கு விடை இல்லை என்பவை ஒவ்வொரு தோட்டா அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விடை இல்லை என்று எழுதிய நிபுணரை நீதிமன்றம் மேலும் துருவி ஊகம் சொல்ல வைக்கக் கூடாது. எழுதியதற்கு மாறாக அவரே கூண்டில் பேசினால், எந்தப் புதிய பரிசோதனையால் கருத்து மாறியது என்று கேட்காமல் விடவும் கூடாது. திருவொற்றியூர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மகனுக்காக நிற்கும் ஒரு துறைமுகக் கூலியால் தனியார் நிபுணருக்குப் பணம் கட்ட முடியாது. சட்டப்பணிகள் ஆணைக்குழு இன்று அவருக்கு வழக்கறிஞரைத் தருகிறது. துப்பாக்கி வழக்கு என்றால் அந்த வழக்கறிஞரோடு இரண்டாவது நிபுணர் ஒருவரையும் தர வேண்டும்.