கருணைக்குத் தகுதி வேண்டுமா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரு நோயாளிகள் அருகருகே இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் கடுங்காய்ச்சலால் சித்தம் தடுமாறி, சுவாசக் குழாயைப் பிடுங்க முயல்கிறார். மற்றவர் நெடுநாள் மனநோயால் வாடிப் பூச்சிமருந்தை அருந்தியவர்; அவரும் அவ்வாறே செய்கிறார். முன்னவரிடம் இரங்கும் செவிலியர், பின்னவரிடம் 'தானே தேடிக்கொண்டதுதானே!' என்று முகம் சுளிக்கிறார்.

செயல் ஒன்றே, இருவரிடத்தும் விவேகத்தை மறைத்தது நோயே. உடலில் பிறந்த நோய்க்கு மன்னிப்பு, மனத்தில் பிறந்ததற்குக் கண்டனம் என்பது எவ்வகை நியாயம்?

ஓயாத பணியில் சலிப்பு எழுவது இயல்பே. ஆனால் அது செவியை அடைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தை அருந்தியவர் தேறிவிட்டதாகத் தோன்றிய பின்னும், 1 முதல் 4 நாட்களுக்குள் சுவாசத் தசைகள் தளர்ந்துபோகக்கூடும். அவ்வேளையில் அவர் 'மூச்சு முட்டுகிறது' என்று முறையிடும்போது, 'இதுவும் மனப்பிரமை' என்று ஒதுக்கினால் என்னவாகும்?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. உடல்நோயாளிக்கு நிகரான சிகிச்சை மனநோயாளிக்கும் உரியது என்கிறது அதன் 21-ஆம் பிரிவு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது 115-ஆம் பிரிவு. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது.

சட்டம் மருந்தையும் படுக்கையையும் சமமாக்கலாம். நள்ளிரவில் நெற்றியைத் துடைக்கும் கையின் மென்மையை எந்தச் சட்டம் அளக்கும்? அது செவிலியரின் உள்ளத்தில் பிறக்க வேண்டியது. தகுதி பார்த்து வழங்கப்படுவது கூலி. துன்பத்தை மட்டுமே பார்த்து வழங்கப்படுவதே கருணை.