சம்பளம் நின்றபின் வாங்கும் கடன்

ஓசூர் சிப்காட் ஆலைகளில் வேலை ஒரே நாளில் போய்விடுவதில்லை. முதலில் ஓவர்டைம் நிற்கும், பிறகு ஷிஃப்ட் குறையும், கடைசியில் ஒப்பந்தத் தொழிலாளியை வரவேண்டாம் என்பார்கள். 2019 செப்டம்பரில் வாகன விற்பனை சரிந்தபோது அசோக் லேலண்ட் தன் ஓசூர் ஆலைகளுக்கு 5 வேலையில்லா நாள்களை அறிவித்தது. பெரிய ஆலை நின்றால், அதற்கு உதிரிபாகம் செய்து தரும் பட்டறைகளுக்கும் ஆர்டர் நிற்கும். தளி, ஜவளகிரிப் பக்கத்திலிருந்து அங்கே போய்வரும் வெல்டருக்கு அப்போது தோன்றும் வழி, ஊரிலேயே சொந்தமாக ஒரு பட்டறை போடுவது.

அந்தப் பட்டறைக்குக் கடன் கிடைக்குமா என்பதை வேலை போன முதல் சில மாதங்களே பெரிதும் முடிவுசெய்கின்றன. பைக் கடன், செல்போன் தவணை, பெண்கள் குழுவில் வாங்கிய கடன் ஆகியவற்றில் இரண்டு டியூ தவறினாலே சிபில் அறிக்கையில் பதிந்துவிடும். வங்கி மேலாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆகவே கைக்கு வரும் பி.எஃப். பணத்தை அப்படியே தொழிலில் போடுவது தவறு. பழைய தவணைக்கும், ஆறு மாத அரிசி பருப்புக்கும், பள்ளிக் கட்டணத்துக்கும் அதில் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் முதலீடு. இந்த ஒதுக்கீடு இல்லாத வீட்டில் தொழிற்கடன் சாப்பாட்டுக்குக் கரைகிறது. அடுத்து வீட்டுக்கு வருவது ரன் வட்டி என்னும் கந்துவட்டி. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. ஆனாலும் அவசரத்தில் இருப்பவர் சட்டத்தை நினைத்துக்கொண்டு கை நீட்டுவதில்லை.

முறையான வழிகளில் எளியது 2015-ல் வந்த முத்ரா கடன் திட்டம். அதன் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கிடைக்கும். மானியம் வேண்டுமானால் 2008 முதல் நடக்கும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையம் வழியாகவும் இதற்கு விண்ணப்பிக்கலாம். இதில் கிராமத்தில் இருப்பதே ஓர் ஆதாயம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர் முதலிய சிறப்புப் பிரிவினர் 5 லட்ச ரூபாய் பட்டறையை ஜவளகிரி ஊராட்சியில் தொடங்கினால் மானியம் 35 சதவீதம், அதாவது 1,75,000 ரூபாய். ஓசூர் மாநகராட்சிக்குள் அதே பட்டறைக்கு 25 சதவீதம்தான். சொந்தப் பணம் 5 சதவீதம், 25,000 ரூபாய் போதும். பொதுப் பிரிவினர் 10 சதவீதம் போட வேண்டும். அவர்களுக்கு மானியம் கிராமத்தில் 25, நகரத்தில் 15 சதவீதம்.

கடனுக்கான திட்ட அறிக்கையை ஏஜென்ட் எழுதித் தரும்போது மாதா மாதம் ஒரே வருமானம் காட்டுவார். ஜவளகிரியில் பணம் அப்படி வருவதில்லை. கேட்டுக்கும் டிராக்டர் டிரெய்லர் பழுதுக்கும் விவசாயி காசு கொடுப்பது ராகி அறுத்து விற்ற பிறகு. அந்த ராகி முற்றும் பருவத்தில்தான் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரிக் காட்டுக்கு வருகின்றன. இருட்டினால் வண்டி எடுக்க ஆட்கள் தயங்குகிறார்கள், கடையும் சீக்கிரம் மூடுகிறது. தவணையை நல்ல மாதத்தை வைத்துக் கணக்கிட்டவர், மந்தமான மாதத்தில் மாட்டிக்கொள்வார். ஆகவே மிக மோசமான மாதத்தில் எவ்வளவு கட்ட முடியும் என்று முதலில் பார்த்து, கடன் தொகையை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே சரி. 5 லட்சம் கிடைக்கும் என்பதற்காக 5 லட்சம் கேட்க வேண்டியதில்லை.

எல்லைப்புறத்துக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. அவரே செய்த கேட்டை கர்நாடகத்தின் ஆனேக்கல் வாடிக்கையாளருக்கு விற்று அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. தொகை எவ்வளவு சிறியதானாலும் பதிவு கட்டாயம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு வேறு. அது இலவசம், அதற்குக் காசு கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

மானியம் கையில் வரும் பணமல்ல என்பதையும் தெரிந்துகொண்டே கையெழுத்திட வேண்டும். அது கடன் வாங்கியவர் பெயரில் வங்கியிலேயே 3 ஆண்டுகள் வைப்பாக இருக்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி கிடையாது. பிறகு தொழில் நடப்பதை நேரில் பார்த்து உறுதிசெய்தபின் கடனில் கழிக்கப்படும். இடையில் பட்டறையை மூடியவருக்கு அந்தக் கழிவு இல்லை, கடன் மட்டும் இருக்கும்.