பாதி மூடினால் போதும்

டிரம்ஸில் ஸ்நேருக்கும் ஹை-ஹேட்டுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். ஸ்நேரின் விளிம்பில் நிறுத்திய மைக், ஸ்நேரோடு ஹை-ஹேட்டையும் கேட்கிறது. கிக்கின் அதிர்வையும், மேலே தொங்கும் சிம்பலையும், சுவரில் பட்டுத் திரும்பும் எல்லாவற்றையும் கேட்கிறது. டிரம்ஸுக்கு எட்டு மைக் வைத்தால், ஒரே வாசிப்பை எட்டு இடத்திலிருந்து எட்டு விதமாகக் கேட்கிறோம். ஒன்றுக்கு வைத்த மைக்கில் மற்றதன் சத்தமும் புகுவதை ஸ்டுடியோவில் பிளீட் என்போம். அதைக் குறைக்கவே நாய்ஸ் கேட்.

*

கேட் செய்யும் வேலை எளியது. வரும் சத்தம் நாம் வைத்த த்ரெஷோல்டைத் தாண்டினால் விடும். தாண்டாவிட்டால் அடக்கும். திறக்கும் வேகம் அட்டாக், திறந்தே நிற்கும் நேரம் ஹோல்ட், மூடும் வேகம் ரிலீஸ். மூடியபின் எத்தனை டெசிபல் குறைக்க வேண்டும் என்பது ரேஞ்ச்.

அது பார்ப்பது அளவை மட்டும். வந்தது எது என்று அதற்குத் தெரியாது. ஓங்கி அடித்த ஹை-ஹேட் உள்ளே வந்துவிடும். மெல்லத் தொட்ட ஸ்நேர் வெளியே நின்றுவிடும். எத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தாலும் இந்த ஓர் உண்மையைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உரக்க ஒலிப்பதெல்லாம் வேண்டியது, தணிந்து ஒலிப்பதெல்லாம் வேண்டாதது என்று டிரம்ஸ் வாசிப்பவர் எவரும் நினைப்பதில்லை.

*

கோஸ்ட் நோட் என்று ஒன்று உண்டு. இரண்டு பெரிய அடிகளுக்கு நடுவே, குச்சியின் நுனி தோலில் பட்டும் படாமலும் விழும் அடிகள். தனியாகக் கேட்டால் காதில் நிற்காது. டோட்டோ குழுவின் ‘ரோஸானா’ (1982) பாட்டில் ஜெஃப் போர்காரோ வாசித்த ஷஃபிளைக் கேட்டுப் பாருங்கள். பாட்டு உருண்டு போவது அந்தச் சின்ன அடிகளால்தான். அவற்றை எடுத்துவிட்டால் தாளம் இருக்கும், நடை போய்விடும்.

அந்த அடிகளின் அளவும் ஹை-ஹேட் பிளீடின் அளவும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். த்ரெஷோல்டை எங்கே வைத்தாலும், ஒன்றை அனுப்பும் கேட் மற்றதையும் அனுப்பும். அப்படிப்பட்ட பாட்டில் ஸ்நேருக்கு கேட் வேண்டாம் என்பதே என் முடிவு. ஹை-ஹேட் கொஞ்சம் வரட்டும்.

*

அளவை மட்டும் அறிந்த கருவிக்கு வேறொன்றையும் சொல்லிக்கொடுக்க முயன்றவர்கள் உண்டு. 1980களின் தொடக்கத்தில் வந்த டிராமர் டிஎஸ்201 கேட்டில் கீ ஃபில்டர்கள் இருந்தன. ஸ்நேரின் அடிநாதம் 200 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. ஹை-ஹேட்டின் பலமெல்லாம் பல ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே. ஃபில்டரால் மேல்பகுதியை மறைத்துவிட்டால் கேட்டின் காதுக்கு ஹை-ஹேட் ஏறக்குறைய கேட்காது. ஸ்நேருக்கு மட்டும் திறக்கும். திறந்தபின் வருவது என்னவோ முழுச் சத்தம்தான். ஃபில்டர், எப்போது திறப்பது என்ற முடிவை மட்டும் தொடுகிறது. ரொம்பவும் கீழே இறக்கினால் கிக் வந்து கதவைத் தட்டும். அந்த இடத்தைக் காதால்தான் தேட வேண்டும்.

அழகான யோசனை. ஆனாலும் கோஸ்ட் நோட் விஷயத்தில் இதுவும் பாதி தூரம்தான் வரும்.

*

கேட்டையே இசையாக்கிய ஒரு பதிவு: பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்தில் ‘இன்ட்ரூடர்’, 1980. லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் ஃபில் காலின்ஸ் டிரம்ஸ், ஹியூ பாட்ஜம் பதிவு. வாசிப்பவர்கள் கன்ட்ரோல் ரூமுக்குப் பேசுவதற்காக அறையில் ஒரு மைக் தொங்கியது. அதன் கம்ப்ரெஸ்ஸர் மிகக் கடுமையானது. காலின்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த மைக் திறக்க, அறை முழுவதும் பொங்கி வந்தது. அதைப் பதிவுக்குள் கொண்டுவந்து கேட்டும் போட்டார்கள். பெரும் முழக்கம் எழுந்து, சட்டென்று அறுபட்டு நின்றது. மறு வருடம் காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ வந்தபோது அந்த ஒலி உலகமெங்கும் போய்விட்டது.

அந்த ஆல்பத்தில் சிம்பல் வேண்டாம் என்று கேப்ரியல் சொல்லியிருந்தார். என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். நீண்டு கரையும் சிம்பல் இருந்திருந்தால், கேட் மூடும்போதெல்லாம் அதன் வாலும் அறுபட்டிருக்கும். கேட்டுக்கு இடம் கொடுத்தது இசையமைப்பு.

*

டாம்கள் வேறு கதை. ஒரு பாட்டில் சில இடங்களில்தான் அடி விழும். மீதி நேரம் முழுவதும் அந்த மைக்கில் சிம்பல்தான் நிறைந்திருக்கும். போதாததற்கு, கிக் விழும்போதெல்லாம் டாமின் தோலும் கூடவே முனகும். இங்கே கேட் நியாயமான உதவி. ஆனால் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் காலத்தில், டாம் அடிகளைக் கண்ணால் பார்த்து, கேட்டு, இடையிலுள்ளதைக் கையால் வெட்டுவதையே விரும்புகிறேன். நேரம் பிடிக்கும். ஆனால் அடித்தது எது என்று எனக்குத் தெரியும், கருவிக்குத் தெரியாது. ஒவ்வொரு டாமின் நாதமும் எங்கே அடங்குகிறது என்று காத்திருந்து வெட்டும்போது, வாசித்தவரின் கையைக் கூடவே தொடர்ந்து போகிற மாதிரி இருக்கும்.

*

பிரிக்காமலே எடுத்த பதிவும் உண்டு: 1971-ல் வெளிவந்த லெட் செப்பலினின் ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’. ஹெட்லி கிரேஞ்ச் வீட்டின் கூடத்தில், மாடிப்படியின் அடியில் ஜான் பான்ஹம் அமர்ந்து வாசித்தார். மேலே படிக்கட்டில் இரண்டு பேயர்டைனமிக் எம்160 மைக்குகள். அதில் எதுவும் பிளீட் இல்லை, அல்லது எல்லாமே பிளீட். பதிவு செய்த ஆண்டி ஜான்ஸ் பிரிக்க நினைக்கவில்லை, அதனால் தடுக்க வேண்டியதும் எதுவுமில்லை.

*

மைக்கைத் திருப்புவதே முதல் கேட். கார்டியாய்டு மைக்கின் முதுகுக்குக் காது மந்தம். அந்த முதுகை ஹை-ஹேட்டைப் பார்க்க வைத்தால் பிளீட் கணிசமாகத் தணியும். ஹை-ஹேட்டைச் சற்று உயர்த்தினால் இன்னும் தணியும். வாசிப்பவர் இடமளித்தால், ஹை-ஹேட்டைக் கொஞ்சம் மெல்ல வாசிக்கச் சொல்லலாம். இதைச் சொல்லத் தயங்குபவர்கள் அதிகம்; நல்ல டிரம்மர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

*

பிளீட் சீராக இருந்தால் காது அதை அறையாக ஏற்றுக்கொள்கிறது. கேட் அதை விட்டு விட்டு அனுப்பும்போதுதான் உறுத்துகிறது. ஒவ்வொரு ஸ்நேர் அடிக்கும் ஹை-ஹேட் பக்கத்திலிருந்து நடுவுக்குத் தாவி, மறுபடி பக்கத்துக்குப் போகும். சிம்பலின் நிறம் அடிக்கு அடி மாறும். ஸ்நேரைத் தனியாக சோலோவில் கேட்டால் சுத்தமாகத்தான் இருக்கும். டிரம்ஸுக்கு மேலே வைத்த ஓவர்ஹெட் மைக்குகளோடு சேர்த்தால்தான் இந்தத் தள்ளாட்டம் தெரியவரும். அதனால் ரேஞ்சை முழுதாக இறக்காமல் 8 அல்லது 10 டெசிபலோடு நிறுத்திக்கொள்கிறேன். மெல்லிய அடிகள் தூரமாகவேனும் கேட்கும், சிம்பலும் அதிகம் தாவாது. பல்லவி உரத்தும் சரணம் தணிந்தும் வாசித்திருந்தால், சரணத்தில் கேட்டையே அணைத்துவிடுகிறேன்.