இறந்தோர்க்கு ஈந்த பொருள் எவர்க்குரியது?

சீன நாட்டிலே தாங் வமிசத்தார் ஆண்ட காலத்தில் (கி.பி. 618 - 907) உயர்குடியினர்தம் கல்லறைகளிற் குதிரை, ஒட்டகம், பணியாள் ஆகிய உருவங்களை மண்ணிற் செய்து சுட்டு, செம்மஞ்சள், பச்சை, வெண்மை நிறங்களில் ஈயமெருகு பூசி வைத்தனர். வாழ்வோர் கண்டு மகிழ்வதற்கன்றி, மறுமையிலே மாண்டோர்க்குத் துணையாகும் என்றே அவை ஈயப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோயாங் பகுதியில் இருப்புப்பாதை அமைக்கப்பட்டபோது இவை பெருமளவில் வெளிப்பட்டன. மேனாட்டுச் சேகரிப்பாளர் விலை கொடுக்க முன்வந்தனர், ஈமப்பொருள் சந்தைப்பொருளாயிற்று.

தமிழ் நிலத்துக்கும் இவ்வினா புதியதன்று. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் என்னும் செருமானியர் தோண்டியெடுத்த பொருள்கள் பெர்லினைச் சேர்ந்தன. முதுமக்கள் தாழிகளுக்கு மெருகில்லை. எனினும் அவற்றை இட்டோரின் துயரம் சீனரின் துயரத்திற் குறைந்ததன்று.

இறந்தோர் எதையும் உணரார். ஆதலின் எடுப்பதிலே குற்றம் யாது எனச் சிலர் வினவுவர். ஈகை பெற்றவர் உணராமையால் ஈந்தவரின் சொல் பொய்த்துவிடுமா? பிறர் அன்பால் இட்டதை எடுப்பவர் அவ்வன்புக்கு விடை கூறக் கடமைப்பட்டவர். அங்ஙனமாயின் அகழ்வாய்வே தகாதெனக் கொள்ளலாமா? கூடாது. கலம் கிடந்த நிலையையும் உடன்கிடந்த எலும்பையும் குறித்து, இவர் யாவர், எங்ஙனம் வாழ்ந்தார் என ஆராய்பவர் இறந்தவரை மீண்டும் நினைவுகூர்கிறார். கலத்தை மட்டும் கொண்டு குழியை மறப்பவரோ அந்நினைவை அழிக்கிறார். அகழ்வுக்கும் சூறைக்குமுள்ள வேறுபாடு இதுவே.

ஆயினும், கலத்தின் அழகும் தொன்மையுமே கல்லறைக்கு மதிப்பளிப்பன என்று கருதுவோமாயின், காப்பவரும் கவர்பவரும் ஒரே அளவுகோலையே கையாள்பவராவர். அவ்வளவுகோல் மலையகத்திற் பொய்த்துப்போகும். கொத்மலைப் பள்ளத்தாக்கில் 1985இல் நிறைவுற்ற நீர்த்தேக்கத்தின் அடியிற் பல ஊர்கள் அமிழ்ந்தன. அதனைச் சூழ்ந்த சரிவுகளிலே தேயிலை நட்டு மாண்ட எம் முன்னோரிற் பலர் பெயர் பொறித்த கல்லுமின்றி மண்ணோடு மண்ணாயினர். அம்மண்ணை எவ்வளவு கிளறினும் சேகரிப்பாளர் விரும்பும் கலமொன்றும் கிட்டாது. அதனால் அவர்தம் புதைகுழிகள் மதிப்பிழந்தனவாகுமா?

புதைகுழியைப் புனிதமாக்குவது கலமன்று. அங்கு ஒருவர்க்காக ஒருவர் அழுத அழுகையே. இதனை ஒப்புக்கொள்வோமாயின் நமக்கு இரு கடமைகள் உண்டு. அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் மெருகுக் குதிரையைக் காணுங்கால், அஃது எக்குழியிலிருந்து வந்ததென வினவுதல் ஒன்று. தோட்டத்து முதியோர் வாழ்கையிலேயே, கல்லில்லாப் புதைகுழிகளின் பெயர்களைக் கேட்டு எழுதி வைத்தல் மற்றொன்று.