பழைய கட்டிங்

கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்கள் பட்டுக்கடையோடு நிற்பதில்லை. பாட்டியின் ஏழுகல் தோடும் கைப்பைக்குள் கூடவே வந்திருக்கும். பெண்ணுக்குப் புது மாடலில் மாற்றிப் போடலாமா என்று காந்தி ரோட்டில் ஏதாவது ஒரு நகைக்கடையில் ஏறிக் கேட்பார்கள். தோட்டை மேசைமேல் வைத்ததுமே பதில் வந்துவிடும்: "பழைய கட்டிங்மா. இப்ப இது ஓடாது."

அந்தப் பதிலைக் கேட்டதும் எழுந்துவிடக் கூடாது. பழைய கட்டிங் என்றால் என்னவென்று கற்றுக்கொள்ள அந்த நாற்காலியை விட நல்ல இடம் கிடையாது. லென்ஸைக் கேளுங்கள், கொடுப்பார்கள். நடுக்கல்லை நேர் மேலிருந்து பார்த்தால் அதன் ஆழத்தில் சின்னதாக ஒரு வட்டம் தெரியும். கல்லின் அடிமுனையைக் கூராக விடாமல் மழுக்கி அங்கேயும் ஒரு பட்டை வைத்திருக்கிறார்கள். தலைப்பகுதி உயரம், மேல்தட்டம் சிறியது. விளிம்பும் சுத்த வட்டமாக இராது. எடை வீணாகக் கூடாதென்று கல்லின் போக்கிலேயே போயிருக்கிறது தீட்டியவரின் கை. பக்கத்தில் ஒரு புதுக்கல்லை வைக்கச் சொல்லுங்கள். அது ஓயாமல் பொடிப்பொடியாக மினுக்கும். பழையது அகலமாக ஒரு வெட்டு வெட்டிவிட்டு அடங்கும். அசைத்தால் இன்னொரு வெட்டு.

இரண்டும் இரண்டு காலத்து விளக்குக்குத் தீட்டியவை. அகலும் மெழுகுவத்தியும் எரிந்த வீடுகளுக்கு அந்த அகலப் பட்டைகள் போதும். 1919-ல் மார்செல் டோல்கோவ்ஸ்கி வட்டக்கல்லின் கோணங்களைக் கணக்குப் போட்டு ஒரு புத்தகம் எழுதினார். இன்றைய வட்டக்கற்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கின் வாரிசுகள்தான். கடையில் தலைக்குமேல் வரிசையாக எரியும் விளக்குகள் அவற்றுக்காக மாட்டியவை. அந்த விளக்குகளின் கீழே பாட்டியின் கல்லை வைத்து "டல்லா இருக்கு" என்று சொல்வது, வாதியின் வீட்டுக் கூடத்தில் வழக்கை விசாரிப்பது போல. தோட்டை வாங்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்து ஒருமுறை பார்ப்பதில் குற்றமில்லை. கடைப்பையன் ஒருவன் பின்னாலேயே வந்து நிற்பான், நிற்கட்டும்.

ப்ளூ ஜாகர் என்று பாட்டிகள் பெருமையாகச் சொல்வார்களே, அந்தப் பெயர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கே வைரம் கிடைத்தது 1870-ல். வெயிலில் லேசாக நீலம் காட்டும் கல்லுக்கு நம்மவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதே நீலம் இன்றைய சான்றிதழில் 'ஃப்ளோரசன்ஸ்: ஸ்ட்ராங் ப்ளூ' என்று ஒரு வரியாக இறங்குகிறது. இப்போது அதற்குப் பெரும்பாலும் விலையைக் குறைக்கிறார்கள். வைரத்துக்குச் சான்றிதழ் தரும் ஜிஐஏ 2006 முதல் கட்டிங்குக்கும் தரம் போடுகிறது, ஆனால் வழக்கமான வட்டக் கல்லுக்கு மட்டும். பழைய கட்டிங்குக்கு அந்தத் தரம் கிடையாது. தேர்வே எழுதாதவரைத் தோற்றவர் பட்டியலில் சேர்க்கும் வேலையைச் சந்தை பார்த்துக்கொள்கிறது.

சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையின் ரத்தினக்கடைத் தெருவைச் சுற்றிப் பார்க்கிறான். காகபாதம் தொடங்கி வைரத்துக்கு நான்கு குற்றங்கள் அங்கே பேசப்படுகின்றன. நான்கும் கல்லைப் பற்றியவை. பழசாகிப் போவது என்ற ஐந்தாவது குற்றத்தை நாம் சேர்த்தோம். கல்லில் குற்றம் பார்க்கத் தெரிந்த ஊர்தான் அது. பிறகு பழைய சிலம்பு ஒன்றை விற்கப் போன ஆளிடம் குற்றம் பார்த்ததில்தான் கோட்டைவிட்டது.

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளுக்கு ராபர்ட் கிளைவ் கொடுத்ததாகச் சொல்லும் மகரகண்டி இருக்கிறது. இந்தியாவில் சேர்த்ததில் ஒரு பங்கை வைரமாக மாற்றி ஊருக்கு அனுப்பிய கிளைவ் இங்கே விட்டுப்போன ஆபரணம். விசேஷ நாளில் இன்றும் சாத்துகிறார்கள். பெருமாளுக்கு மாடல் பழசாவதில்லை. அவர் காந்தி ரோட்டுக்கு வந்து விலை கேட்கவேண்டிய நிலையிலும் இல்லை.

மனிதர்கள் கேட்கிறார்கள். இந்த ஊருக்கு அது புதிதும் அல்ல. பழைய பட்டுப்புடவையை எடுப்பவர் ஜரிகையில் எவ்வளவு வெள்ளி தேறும் என்றுதான் பார்ப்பார். உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைக்க இரண்டு பேர் தறியில் உட்கார்ந்த உழைப்பு தராசில் ஏறாது. ஜரிகை வருவதும் சூரத்திலிருந்து, புது வைரம் பட்டை ஏறி வருவதும் சூரத்திலிருந்து. அதே சூரத்தில் இப்போது வெளிநாட்டுக்காரர்களுக்காகப் புதுக் கல்லைப் பழைய கட்டிங்கில் தீட்டுகிறார்கள். அடிமுனையை மெனக்கெட்டு மழுக்குகிறார்கள்.

தோட்டோடு கடைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பழைய தோடுகள் பல பின்புறம் மூடியவை. எடை பார்க்கவேண்டுமானால் கல்லைக் கழற்றத்தான் வேண்டும் என்பார்கள். கழற்றிய பிறகு பேரம் பேசும் தெம்பு நமக்குப் போய்விடும். அது அவர்களுக்கும் தெரியும். மறுபட்டை போட்டால் கல்லின் எடை குறையும், மிஞ்சிய எடைக்குத்தான் விலை. மாற்றியே தீரவேண்டும் என்றால் தங்கத்தை மட்டும் மாற்றி, கற்களை அப்படியே புதுத் தோட்டில் கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கல்லும் ஒவ்வோர் அளவு என்று பத்தர் முணுமுணுப்பார். கூலியும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார். கொடுக்கலாம்.